தென்னை ஏறும் மெஷினும் பெல்ட்டும்: வாங்கி சில வருடம் ஆன பிறகு

பொள்ளாச்சி பக்கம் தேங்காய் போட ஆள் பிடிப்பது எவ்வளவு சிரமம் என்று தோப்பு வைத்திருப்பவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வெட்டு தள்ளித் தள்ளிப் போய், முற்றிய காய் தானாக விழ ஆரம்பித்ததும் மெஷின் வாங்கினேன். நானும் மச்சானும் மாற்றி மாற்றி ஏறுகிறோம், இரண்டு தோட்டத்துக்கும் அதே மெஷின்தான். ஏறுவது எப்படி என்று காட்ட வீடியோ நிறைய இருக்கிறது. சில வருடம் போனால் எது தேயும், எதைப் பார்க்க வேண்டும் என்று சொல்லத்தான் ஆள் இல்லை.

எங்களுடையது நின்று ஏறும் வகை, கண்ணூர் மாவட்டம் செம்பேரி ஜோசப் உருவாக்கிய மாடல். வலதுக்கு ஒன்று, இடதுக்கு ஒன்று என இரண்டு சட்டம். இரண்டிலும் மரத்தைச் சுற்றி வரும் ஸ்டீல் கயிறு. மிதித்தால் கயிறு இறுகும், காலைத் தூக்கினால் தளரும். கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் உட்கார்ந்து ஏறும் மாடலிலும் ஏறிப் பார்த்தேன். புதிதாக ஏறுபவருக்கு அது தைரியம் தரும். ஆனால் கனம் அதிகம், ஒரு மரத்தில் கழற்றி அடுத்ததில் மாட்ட நேரம் பிடிக்கிறது. நாள் முழுக்க ஏறுவதென்றால் நின்று ஏறுவதுதான் தோது.

சட்டம் இன்னும் உறுதியாகத்தான் இருக்கிறது. கண் வைக்க வேண்டியது ஸ்டீல் கயிற்றில். கயிறு நடுவில் கெடுவது குறைவு. சட்டத்தில் நுழைந்து வளையும் இடம், முனையை மடக்கிப் பிடிக்கும் கிளாம்ப் போட்ட இடம், இந்த இரண்டில்தான் முதலில் கம்பி விடும். ஒரு மயிரிழைக் கம்பி அறுந்து நிற்பது கண்ணுக்குத் தெரியாது. இதற்குத் திருப்பூர் பனியன் வேஸ்ட் துணிதான் சரியான கருவி. துணியைக் கயிற்றைச் சுற்றிப் பிடித்து மெதுவாக இழுத்துக்கொண்டே போனால் அறுந்த கம்பி நூலைப் பிடித்துக்கொள்ளும். நூல் மாட்டிய இடத்தில் கயிற்றை லேசாக வளைத்துப் பார்த்தால் உள்ளே துருவும் தெரியும். வெறுங்கையால் தடவாதீர்கள், விரலைக் கிழித்துவிடும். கயிறு ஒரு தடவை மடங்கி முறுக்கு விழுந்துவிட்டால் நிமிர்த்திப் பயனில்லை, மாற்றத்தான் வேண்டும்.

மாற்றும்போது இன்னொன்று. பட்டறை ஒன்றில் கயிறு மாற்றக் கொடுத்தேன். வாங்கிவந்து பார்த்தால் கிளாம்ப் எல்லாம் தலைகீழ். யு வடிவ போல்ட் கயிற்றின் வெட்டிய முனைப் பக்கம் இருக்க வேண்டும், பள்ளமுள்ள அடிக்கட்டை பாரம் தாங்கும் பக்கம் இருக்க வேண்டும். மாற்றிப் போட்டால் யு போல்ட் பாரம் தாங்கும் கயிற்றையே நசுக்கும். கேட்டதற்கு, "டைட்டாத்தானுங்க இருக்குது" என்றார். டைட்டாகத்தான் இருந்தது, அதுதான் வம்பே. நானே கழற்றி மாட்டினேன்.

ஆயுத பூஜைக்கு மெஷினுக்குப் பெயிண்ட் அடிப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். சந்தனம் குங்குமம் தாராளமாக வையுங்கள், பெயிண்ட் வேண்டாம். மிதிப் பலகை வெல்டிங்கில் விரிசல் வந்தால் முதலில் ஒரு துருக்கோடாகத்தான் தெரியும். புதுப் பெயிண்ட் அதை மூடிவிடும்.

மரத்தில் படும் ரப்பர் வெயிலில் காய்ந்து கெட்டியாகிவிடும். நகத்தால் அழுத்தினால் பதிய வேண்டும், பதியாவிட்டால் மாற்றிவிடுங்கள். ஆனி ஆடிச் சாரலில் மரத்தில் பாசி பிடித்திருக்கும்போது ரப்பர் புதிதாக இருந்தாலும் நாங்கள் ஏறுவதில்லை.

அப்புறம் பெல்ட். நின்று ஏறும் மெஷின் விழாமல் பிடித்துக்கொள்ளும் என்று நம்ப வேண்டாம். கால் நழுவினால் பிடிப்பது பெல்ட்தான். அதிலும் இடுப்புக் கயிற்றை மரத்தைச் சுற்றிச் சும்மா போட்டால் போதாது. தென்னையில் கிளை கிடையாது, நழுவினால் கயிறும் மரத்தோடு சேர்ந்து கீழே வழுக்கும். பாரம் விழும்போது மரத்தை இறுக்கிக்கொள்ளும் சுருக்கு மாதிரி மாட்ட வேண்டும். முழு உடல் பெல்ட் வாங்கும்போது லேபிளில் ஐஎஸ் 3521 என்ற இந்தியத் தர எண் இருக்கிறதா, தயாரித்த தேதி இருக்கிறதா என்று பாருங்கள். தேதி அழிந்த பெல்ட் இலவசமாகக் கிடைத்தாலும் எனக்கு வேண்டாம்.

பெல்ட்டைப் பார்க்க நல்ல வெளிச்சத்தில் உட்கார வேண்டும். நாடாவை இரண்டு கையிலும் பிடித்துக் கவிழ்த்த ‘ப’ மாதிரி மடக்கிக்கொண்டே ஒரு முனையிலிருந்து மறு முனை வரை போனால், மேல் பக்கம் விரியும்போது அறுந்த இழை எழுந்து நிற்கும். தையல் வேறு நிறத்தில் இருப்பது அழகுக்கு அல்ல, நூல் விட்டால் உடனே தெரியத்தான். கொக்கி தானாக மூடிப் பூட்டிக்கொள்ள வேண்டும். விரலால் தள்ளி மூட வேண்டியிருந்தால் அந்தக் கொக்கி வேண்டாம்.

நம்ம ஊரில் பெல்ட்டின் முதல் எதிரி மோட்டார் ரூம்தான். பேட்டரி, டீசல், பூச்சிமருந்து, உரமூட்டை, எலி எல்லாம் அங்கேதான் குடியிருக்கும். பேட்டரி ஆசிட் நைலானைத் தின்றுவிடும், பார்வைக்குப் பெரிதாக ஒன்றும் தெரியாது. வெயிலும் அப்படித்தான், நிறம் வெளுக்கும்போதே வலுவும் போய்க்கொண்டிருக்கும். எங்கள் பெல்ட் வீட்டுக்குள் பரணில் ஒரு பையில் தொங்குகிறது. அழுக்கானால் பச்சைத் தண்ணீரில் லேசான சோப்பு போட்டு அலசி நிழலில் காயவைப்போம்.

பிரிட்டனில் கயிறு கட்டி மரம் ஏறி வெட்டும் தொழிலாளர்களின் சாதனங்களை ஆறு மாதத்துக்கு ஒரு முறை தகுதியுள்ள ஒருவர் முழுமையாகச் சோதிக்க வேண்டும் என்று 1998 விதி சொல்கிறது. அன்றாடம் அதைப் பராமரிப்பவரே தன் வேலையைத் தானே சோதித்துக்கொள்ளக் கூடாது என்பதும் அங்கே வழக்கம். நமக்கு அப்படி ஆள் இல்லை. அதனால் நான் ஏறும் நாளில் மச்சான் பார்ப்பார், அவர் ஏறும் நாளில் நான். "ஏன் மாப்ள, நேத்துத்தான பாத்தோம்" என்று ஆரம்பத்தில் சலித்துக்கொண்டவர், இப்போது என்னைவிடக் கறார். ஒரு நோட்டில் தேதி, மாற்றிய பாகம், யார் பார்த்தது என்று எழுதி வைக்கிறோம்.

மரத்தையும் பார்த்துவிடுங்கள். தண்டில் ஓட்டையும் பழுப்புச் சாறும் இருந்தால் சிவப்புக் கூன்வண்டாக இருக்கலாம். அரிவாள் பிடியால் தட்டிப் பார்ப்போம், பொத்தென்று சத்தம் வந்தால் அந்த மரத்தை விட்டுவிடுவோம். ஆனைமலைப் பக்கம் வேர்வாடல் நோய் வந்த தோப்பில் இதைக் கட்டாயம் செய்யுங்கள்.

நாடா, கயிறு போன்ற துணிச் சாமான்களுக்குத் தயாரித்த தேதியிலிருந்து அதிகபட்சம் பத்து வருடம் என்று பல தயாரிப்பாளர்கள் வைத்திருக்கிறார்கள். நம் வெயிலுக்கு அவ்வளவு காலம் நான் வைத்திருக்க மாட்டேன். கழிக்கும்போது நாடாவை நாலைந்து இடத்தில் வெட்டித்தான் போட வேண்டும். முழுசாகப் போட்டால் யாராவது எடுத்துப்போய் மாட்டிக்கொண்டு மரம் ஏறிவிடுவார்கள்.