கசியோ எஃப்எக்ஸ்-991இஎஸ் பிளஸ்: பம்பைமடுவில் பத்து ஆண்டுப் பாவனை

உயர்தரத்தில் இணைந்த கணிதமும் பௌதிகவியலும் கற்றுப் பல்கலைக்கழகத்துக்கு வருகின்ற பிள்ளைகளுக்குக் கணிப்பான் என்பது ஏறத்தாழ ஒரு புதிய பொருள். அந்தப் பரீட்சைகளில் அதற்கு அனுமதி இல்லை. மடக்கை அட்டவணையைப் புரட்டியும் பின்னங்களை வெட்டிச் சுருக்கியும் விடைக்கு வந்து பழகிய கைகள் அவர்களுடையவை. ஆதலால், முதலாம் ஆண்டின் முதலாவது செய்முறை வகுப்பு முடிந்ததும் ஆய்வுகூட வாசலில் யாராவது ஒருவர் நின்று, "சேர், எந்தக் கல்குலேற்றர் வாங்கிறது?" என்று கேட்பது ஆண்டுதோறும் நடக்கின்றது. வவுனியாவின் பம்பைமடுவில் மாணவனாக நான்கு ஆண்டுகளும், பின்னர் செய்முறை வகுப்புகளிலும் பயிற்சி வகுப்புகளிலும் கற்பிப்பவனாகவும் கசியோ எஃப்எக்ஸ்-991இஎஸ் பிளஸ் என்ற ஒரே கணிப்பானையே பாவித்து வருகின்றமையால், அந்தக் கேள்விக்கான பதிலை இங்கே விரிவாக எழுதுகின்றேன்.

நான் இதை வாங்கியது 2014இல். அப்போது எங்கள் பீடம் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் வவுனியா வளாகத்தைச் சேர்ந்திருந்தது. 2021 ஓகஸ்ட் 1ஆம் திகதிதான் வவுனியாப் பல்கலைக்கழகம் தனித்து இயங்கத் தொடங்கியது. ஆகவே இந்தக் கணிப்பான் அந்தப் பெயர்ப்பலகையை விட வயதில் மூத்தது. இதற்கு முன்னர் மலிவு விலைக்கு ஒரு கடையில் வாங்கியது போலி என்பதை மூன்று மாதத்தில் அறிந்துகொண்டேன். விசைகளின் எழுத்துகள் தேய்ந்து போயின. சூரியக்கலம் போலத் தெரிந்தது வெறும் கறுப்புக் கண்ணாடித்துண்டு. உத்தரவாத அட்டையும் பற்றுச்சீட்டும் தராத இடத்தில் இதை வாங்க வேண்டாம் என்று அதன்பின் எல்லாருக்கும் சொல்லி வருகின்றேன்.

இனி, துறைக்குள் இதன் பயனைப் பார்ப்போம். முதலாம் ஆண்டு மாணவர் அனைவரும் செய்கின்ற எளிய ஊசல் பரிசோதனையை எடுத்துக்கொள்ளலாம். ஊசலின் நீளத்தை மாற்றி மாற்றிப் பத்து அளவீடுகள் எடுத்து, நீளத்துக்கு எதிரே அலைவுகாலத்தின் வர்க்கத்தைக் குறித்தால் நேர்கோடு கிடைக்கும். பை (π) வர்க்கத்தின் நான்கு மடங்கை அந்தக் கோட்டின் படித்திறனால் வகுத்தால் வருவது புவியீர்ப்பு ஆர்முடுகல். வரைபுத்தாளில் கண்மட்டத்தால் கோடு கீறுவதை நான் ஒருபோதும் தவிர்க்கச் சொல்வதில்லை. எந்தப் புள்ளி பிழைத்தது என்பது அங்கேதான் தெரியும். கீறி முடித்தபின், புள்ளிவிபர நிலைக்குச் சென்று அதே பத்துச் சோடிகளையும் உள்ளிட்டால், நேர்கோட்டுப் பிற்செலவின், அதாவது புள்ளிகளுக்கு மிகப் பொருந்துகின்ற கோட்டின், வெட்டுத்துண்டும் படித்திறனும், புள்ளிகள் கோட்டோடு எவ்வளவு ஒத்துப்போகின்றன என்பதைக் காட்டும் இணைபுக் குணகமும் உடனே கிடைக்கின்றன. கையால் கீறிய கோட்டின் படித்திறனுக்கும் இந்த எண்ணுக்கும் உள்ள வேறுபாட்டை அறிக்கையில் எழுதி விளக்குகின்ற மாணவர், அந்தப் பரிசோதனையின் பயனை முழுமையாகப் பெற்றுவிடுகின்றார்.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். புள்ளிவிபர நிலையில் 40 சோடிகள் வரை உள்ளிடலாம். ஆனால் அந்த நிலையை விட்டு வெளியேறிய கணமே உள்ளிட்டவை முழுவதும் அழிந்துவிடும். கையேட்டில் இது தெளிவாக எழுதப்பட்டிருக்கின்றது, ஆனால் கையேடு தமிழில் இல்லை. வாசிப்புகளை முதலில் குறிப்பேட்டில் பேனாவால் எழுதிவிட்டே கணிப்பானில் இடுங்கள்.

கோணத்தின் அலகு இன்னொரு பொறி. திரையின் மேற்பகுதியில் பாகையா ஆரையனா என்பதைக் காட்டும் ஒரு சிறு எழுத்து நிற்கும். பெட்டியிலிருந்து எடுக்கும்போது அது பாகையில் இருக்கும். சைன் சார்பைப் பூச்சியத்திலிருந்து பை வரை தொகையிட்டால் விடை 2 என்று எல்லாருக்கும் தெரியும்; பாகை நிலையில் விட்டுவிட்டால் கணிப்பான் 0.0861 என்ற அளவில் ஒரு விடையைத் தரும். கணிப்பான் பிழைக்கவில்லை, கேட்ட கேள்விக்குத்தான் அது பதில் சொன்னது. விடைத்தாள்களில் இந்த ஒரு பிழையால் இழக்கப்படுகின்ற புள்ளிகளைக் காணும்போதெல்லாம் மனம் வருந்துகின்றேன், ஏனென்றால் அந்த மாணவருக்குத் தொகையீடு தெரிந்திருக்கும்.

எனக்கு இந்தக் கருவியின் மீது உண்மையான பற்று ஏற்பட்டது எண்சார் பகுப்பாய்வுப் பாடத்தில்தான். 1 என்று இட்டுச் சமன் விசையை அழுத்துங்கள். பின்னர், முந்தைய விடையையும் அந்த விடையால் 2ஐ வகுத்து வருவதையும் கூட்டிப் பாதியாக்கும் கோவையை, முந்தைய விடையை நினைவில் வைத்திருக்கும் 'ஆன்ஸ்' விசையைக் கொண்டு எழுதுங்கள். அதன்பின் செய்ய வேண்டியது சமன் விசையைத் திரும்பத் திரும்ப அழுத்துவது மட்டுமே. முதலில் 3/2, அடுத்து 17/12, அடுத்து 577/408 எனப் பின்னங்களாகவே விடை வரும். நான்காவது தடவையில் பின்னம் திரைக்கு அடங்காமல் 1.414213562 என்ற தசமமாக மாறிவிடும். 2இன் வர்க்கமூலத்தை நியூற்றன்–ரப்சன் முறை எவ்வளவு விரைவாக நெருங்குகின்றது என்பதை இதைவிடத் தெளிவாக வெண்பலகையில் என்னால் காட்ட முடிந்ததில்லை. 577இன் வர்க்கம் 332929 என்பதையும், 408இன் வர்க்கத்தின் இருமடங்கு 332928 என்பதையும் கண்டு, வித்தியாசம் ஒன்றே ஒன்று என்று பின்வரிசையிலிருந்து ஒரு மாணவி எழுந்து சொன்ன நாளை நான் மறக்கவில்லை.

தொகையீட்டின் அண்ணளவான பெறுமானத்தைக் காணும் சிம்சனின் விதியைக் கற்கும்போதும் இவ்வாறே. இயற்கை மடக்கையின் அடியான e, எக்ஸ் வர்க்கத்தின் மறைப் பெறுமானத்தை அடுக்காகக் கொண்டு வரும் சார்பைப் பூச்சியத்திலிருந்து ஒன்று வரை தொகையிட எங்கள் வழமையான சூத்திரங்கள் உதவா. நான்கு ஆயிடைகளாகப் பிரித்துக் கையால் செய்தால் 0.746855 வரும். கவுஸ்–குரோன்றொட் என்ற எண்சார் தொகையீட்டு முறையைப் பாவிக்கும் இந்தக் கணிப்பான் சில வினாடிகள் யோசித்து 0.7468241328 என்று காட்டும். வழு எந்தத் தசமதானத்தில் தொடங்குகின்றது என்பதை மாணவர் தாமே கண்டுகொள்வார்கள்.

ஆயினும் இது சொல்வதெல்லாம் வேதம் அன்று. 11இன் ஆறாம் அடுக்கை 13ஆல் வகுக்கும்படி கேட்டால், இந்த வகைக் கணிப்பான் 156158413ஐ 3600ஆல் வகுத்துப் பையால் பெருக்கிய கோவையை விடையாகக் காட்டுவது கணித ஆர்வலரிடையே பெயர்பெற்ற ஒரு விடயம். ஒரு முழுவெண்ணை இன்னொரு முழுவெண்ணால் வகுத்து வருவதில் பைக்கு இடமே இல்லை. விடை பையின் ஏதாவது பின்ன மடங்குக்கு மிக அண்மையில் இருந்தால் கருவி அதை அந்த வடிவத்தில் எழுத முயல்கின்றது; இங்கே இரண்டு பெறுமானங்களும் ஏழாவது தசமதானம் வரை ஒத்துப்போவதால் அது ஏமாந்துவிடுகின்றது. விகிதமுறு எண் எது, விகிதமுறா எண் எது என்று கற்பிக்கும் வகுப்பை நான் இப்போது இந்தக் கணக்கோடுதான் தொடங்குகின்றேன்.

எல்லைகளும் உண்டு. தாயங்கள் (எண் அணிகள்) மூன்றுக்கு மூன்று வரையே. ஒருங்கமை சமன்பாடுகளில் மூன்று மாறிகள் வரையும், பல்லுறுப்பிச் சமன்பாடுகளில் மூன்றாம் படி வரையும் தீர்க்கும். அடுத்து வந்த 991இஎக்ஸ் இவை ஒவ்வொன்றையும் நான்குக்கு உயர்த்தியிருப்பதோடு, திரையும் மிகத் தெளிவாக இருக்கின்றது. விசேட கணிதப் பட்டத்துக்குப் போக எண்ணுபவரும் கையில் பணம் உள்ளவரும் அதை வாங்கலாம். மற்றவர்களுக்கு, 2022இன் நெருக்கடிக்குப் பின்னர் இறக்குமதிப் பொருட்களின் விலை போன போக்கில், மகாபொலப் புலமைப்பரிசில் பணத்தை எதிர்பார்த்திருக்கும் பிள்ளையிடம் கூடுதலாகச் செலவழி என்று சொல்ல எனக்கு மனம் வராது. நிரல் எழுதிச் சேமிக்கும் வசதி இரண்டிலும் இல்லை என்பதால், நிரலாக்கக்கூடிய கணிப்பான்களைத் தடைசெய்யும் பரீட்சை மண்டபங்களில் இதனால் சிக்கல் வருவதில்லை.

வன்னியின் வெயிலைப் பற்றியும் சொல்ல வேண்டும். இதன் பாவனை வெப்பநிலை 40 பாகை வரை என்றே குறிக்கப்பட்டுள்ளது. மன்னார் வீதியில் மத்தியான வெயிலில் மோட்டார் சைக்கிள் பெட்டிக்குள் விட்டுவிட்டு வரக் கூடாது. மற்றப்படி, சூரியக்கலமும் எல்ஆர்44 பொத்தான் பற்றரியும் சேர்ந்து இயங்குவதால், பத்து ஆண்டுகளில் இரண்டு தடவை மட்டுமே பற்றரி மாற்றினேன்.

புதிதாக வாங்க வசதியில்லாத மாணவர்கள் இறுதியாண்டுப் பரீட்சை முடியும் வாரத்தில் அண்ணாமாரையும் அக்காமாரையும் கேட்டுப் பாருங்கள். முல்லைத்தீவுக்கும் மன்னாருக்கும் பெட்டி கட்டுகின்ற நேரத்தில் பலர் தங்கள் கணிப்பானைக் குறைந்த விலைக்கோ இலவசமாகவோ கொடுத்துவிட்டுப் போவார்கள். வாங்கும்போது சமன் விசையையும் 'ஆன்ஸ்' விசையையும் இருபது தடவையாவது அழுத்திப் பாருங்கள். எங்கள் துறையில் முதலில் தேய்வது அந்த இரண்டும்தான்.