மலையகப் பூங்காக்கள்: பதினாறு ஆண்டு அனுபவம்

மலையகத்தில் ‘தோட்டம்’ என்றால் அது தேயிலைத் தோட்டம்தான். பூச்செடிகள் நிற்கும் இடத்தை எங்கள் வீட்டில் ‘பூந்தோட்டம்’ என்று பிரித்துச் சொல்வோம். என் அப்பா ஒரு துரை பங்களாவில் நீண்டகாலம் பூந்தோட்டம் பார்த்தவர். “கான் (தண்ணீர் வடியும் வாய்க்கால்) சரியா இருந்தா ரோசா தானா பூக்கும்” என்பார். அவர் பழக்கிய கண்ணோடுதான் பேராதனை, ஹக்கல, நுவரெலியா விக்டோரியா பூங்கா, அப்புத்தளை அடிஷம் பங்களா ஆகியவற்றுக்குப் பதினாறு ஆண்டுகளாகப் போய்வருகிறேன். ஒரு பூந்தோட்டத்தை ஒரே நாளில் பார்த்து மதிப்பிட முடியாது என்பதே இத்தனை பயணங்களிலும் நான் உறுதியாகக் கண்டது.

இதை எனக்கு முதலில் உணர்த்தியது ஹக்கல. நுவரெலியாவிலிருந்து சுமார் 10 கிலோமீற்றர் தொலைவில், சீத்தாஎலிய சீதையம்மன் கோயிலைத் தாண்டியதும், வெலிமடைப் பக்கம் போகும் பஸ் வாசலிலேயே இறக்கிவிடும். கொயினா மருந்துக்கான சிங்கோனா மரங்களைப் பயிரிட்டுப் பார்ப்பதற்காக 1861இல் தொடங்கப்பட்ட நிலம் இது. கோப்பி நோயால் அழிந்தபோது பல தோட்டங்கள் சிங்கோனாவைத்தான் முதலில் நம்பின, தேயிலை நிலைத்தது அதற்குப் பிறகே. ஆகவே இன்று நாம் படம் எடுக்கும் பூப்பாத்திகளுக்கு அடியில் எங்கள் முன்னோரின் வாழ்வைத் தீர்மானித்த பயிர்களின் வரலாறும் கிடக்கிறது.

ஒரு முறை ரோஜாக்களுக்குக் கவ்வாத்து முடிந்த வாரத்தில் அங்கே சென்றேன். வெட்டிய குச்சிகளைத் தவிர வேறொன்றும் இல்லாததால் தூரத்திலிருந்து வந்திருந்த பலர் ஏமாற்றத்துடன் திரும்பினார்கள். நானோ ஒவ்வொரு வெட்டும் மொட்டுக்கு மேல் சாய்வாக இருப்பதையும், சரிவில் மழைநீர் மண்ணை அரித்துக்கொண்டு ஓடாதபடி கான்கள் துப்புரவாக வைக்கப்பட்டிருப்பதையும் பார்த்துக்கொண்டு வெகுநேரம் நின்றேன். இரண்டு மாதம் கழித்துப் போனபோது அதே பாத்திகள் பூத்துக் குலுங்கின. முதல் பயணம் இல்லாதிருந்தால் இரண்டாவது பயணத்தில் அழகை மட்டுமே பார்த்திருப்பேன், அதற்குப் பின்னால் இருந்த உழைப்பைக் கண்டிருக்க மாட்டேன். ரோஜாவை விட்டாலும், பனிமூட்டத்தில் மரப்பன்னங்களுக்கு நடுவே நடப்பதற்கும், அடர்ந்த உரோமத்துடன் கிளை தாவும் கரடிக் குரங்குகளைக் காண்பதற்கும் ஹக்கலவுக்கு ஈடான இடம் எனக்குத் தெரிந்து இல்லை.

பேராதனை வேறு உலகம். 1821இல் நிறுவப்பட்ட, 147 ஏக்கர் பரப்புள்ள அந்தப் பூங்காவை மகாவலி மூன்று புறமும் வளைத்து ஓடுகிறது. ஹக்கலவைவிட ஆயிரம் மீற்றருக்கும் மேல் தாழ்வான இடமென்பதால் அங்கே குளிரில் நிற்கும் செடிகளுக்குப் பதில் இங்கே பனைக் குடும்பத்தின் ஆட்சி. இரட்டைத் தேங்காய் மரத்தைப் பார்க்கும் யாழ்ப்பாணத்து நண்பர்களிடம் அது தென்னையைவிடப் பனைக்கே நெருங்கிய உறவு என்று சொன்னால் வியந்து நிற்பார்கள். உலகிலேயே மிகப் பெரிய விதை அதனுடையது. பின்னாளில் ஐந்தாம் ஜோர்ஜ் மன்னரானவர் 1901இல் மனைவியுடன் வந்து நட்ட நாகலிங்க மரமும் இங்கே உண்டு. வழிகாட்டிகள் அரசரின் பெயரைச் சொல்வார்கள். என் அம்மாவோ பூவுக்குள் இருக்கும் லிங்க வடிவைப் பார்த்துக் கைகூப்பினார். அவசரமாகப் பார்ப்பவர்கள் அரைநாளில் வெளியேறிவிடுகிறார்கள். ஒரு முழு நாளும் போதாது என்பதே என் கருத்து.

அடிஷம் பங்களாவை அதன் கட்டடத்துக்காகவே பலர் நாடுகிறார்கள். சேர் தோமஸ் வில்லியர்ஸ் 1931இல் கட்டிய அந்தக் கல் வீடு இப்போது புனித பெனடிக்ட் சபைத் துறவிகளின் மடம். ஆண்டு முழுவதும் தினமும் திறந்திருப்பதில்லை. வார இறுதியிலும் போயா எனப்படும் பௌர்ணமி நாட்களிலும் போவது நல்லது, அதையும் முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள். பூந்தோட்டம் சிறியதுதான், ஆனால் அங்கே நிலவும் அமைதி மனதில் தங்கும். துறவிகள் தயாரித்து விற்கும் பழ ஜாமை நான் ஒவ்வொரு முறையும் வாங்கிவருவேன்.

விக்டோரியா பூங்காவுக்கு ஏப்ரல் வசந்தகாலக் கூட்டத்தில் போகாதீர்கள். குளிர்காலத்தில், காலையில் வாயில் திறந்தவுடன் நுழைந்தால், நகரத்தின் நடுவிலேயே ஆறுமணிக்குருவியையும் வலசை வரும் கஷ்மீர் ஈப்பிடிப்பானையும் காணும் வாய்ப்புண்டு.

மே முதல் செப்டெம்பர் வரை நுவரெலியாப் பக்கம் குடையும் அட்டைக்கு உப்பும் இல்லாமல் போகக்கூடாது. அப்புத்தளைப் பக்கம் பெருமழை ஆண்டின் இறுதியில்தான், ஆகையால் ஒரே மாதத்தில் நான்கையும் முடிக்கத் திட்டமிடுவதில் பயனில்லை.

பேராதனையில் சென்ற முறை ஒரு தாளிப்பனை உச்சியில் பூங்கொத்தை விரித்து நின்றது. பல பத்தாண்டுகள் வளர்ந்து, வாழ்நாளில் ஒரே முறை பூத்து, காய்கள் முற்றியதும் பட்டுப்போகும் மரம் அது. காய்கள் முற்ற ஏறத்தாழ ஓர் ஆண்டு ஆகும் என்பதால், அது விழுவதற்கு முன் அம்மாவையும் அழைத்துக்கொண்டு வரும் தை மாதத்தில் மறுபடியும் போகிறேன்.