பேச்சைப் பதிய எது: பாக்கெட் ரெக்கார்டரா, வயர்லெஸ் மைக்கா?

கைபேசியை மேசையில் வைத்துப் பதிந்தால் குறிப்பெடுக்க உதவும், அவ்வளவுதான். தூரம் இரட்டிக்கும்போதெல்லாம் குரல் சுமார் 6 டெசிபல் இறங்கும். மைக் வாயிலிருந்து 20 செ.மீ.யில் இருப்பதற்கும் 1.6 மீட்டரில் இருப்பதற்கும் 18 டெசிபல் வித்தியாசம். ஃபேன் சத்தமோ இரண்டு இடத்திலும் ஏறக்குறைய ஒன்றே. ஆகவே சட்டையில் மாட்டும் காலர் மைக் கட்டாயம். அதை எதில் சொருகுவது என்பதுதான் பேச்சு: தனக்குள்ளேயே பதியும் பாக்கெட் ரெக்கார்டரிலா, ஒலியை அலையாகக் கேமராவுக்கு அனுப்பும் வயர்லெஸ் டிரான்ஸ்மிட்டரிலா?

வயர்லெஸ்ஸில் ரோட் வயர்லெஸ் கோ 2 போன்றவை 2.4 கிகாஹெர்ட்ஸில் ஓடுகின்றன. வைஃபையும் அங்கேதான். பேசுபவர் முதுகைக் காட்டித் திரும்பினால் அவர் உடம்பே அலையை மறித்து, சொல் நடுவில் அறுந்து போகும். டிரான்ஸ்மிட்டருக்குள்ளேயே ஒரு பிரதி பதிவாகும் என்பதால் இதை மன்னித்துவிடலாம். கேமராவுக்குள் நேரடியாக ஒலி போக வேண்டுமென்றால் இதுவே வசதி.

ஆனாலும் என் ஓட்டு ஜூம் எஃப்2 வகைப் பாக்கெட் ரெக்கார்டருக்கு. காரணம் பேட்டரி. வயர்லெஸ் டிரான்ஸ்மிட்டருக்குள் இருப்பது கழற்ற முடியாத சின்ன லித்தியம் செல். புதிதில் 7 மணி நேரம் வரை ஓடும். சில நூறு சார்ஜுக்குப் பிறகு அது சுருங்கிக்கொண்டே வரும். முழுக்க வடிந்த நிலையில் மாதக்கணக்கில் பெட்டியில் கிடந்தால் செல்லே செத்துப்போகலாம். அப்போது மைக் நன்றாக இருந்தும் பயனில்லை. எஃப்2-க்கு இரண்டு டிரிபிள் ஏ போதும். இடைவேளையில் மூடியைத் திறந்து புதிதாகப் போட்டால் அடுத்த அமர்வு தயார். ரீசார்ஜ் செல் போட்டால் பேட்டரி வகையை நிக்கல் என்று மாற்றி வையுங்கள், அது 1.2 வோல்ட்தான், இல்லாவிட்டால் மீதி சார்ஜ் அளவைத் தப்பாகக் காட்டும். அல்கலைன் என்றால் வேலை முடிந்ததும் கழற்றிவிடுங்கள். உள்ளே கசிந்தால் ஸ்பிரிங்கைத் தின்றுவிடும்.

எஃப்2-இல் பதியும் ஒலி அளவைக் கூட்டிக் குறைக்கும் கெயின் குமிழே கிடையாது. மிக மெல்லிய ஒலியிலிருந்து மிகப் பலத்த ஒலி வரை ஒரே பதிவில் அடங்கும் 32 பிட் ஃப்ளோட் முறை என்பதால் மெல்லிய குரலை எடிட்டிங்கில் ஏற்றிக்கொள்ளலாம், கத்தலை இறக்கலாம். மைக் தலையே தாங்காமல் கரகரத்தால் மட்டும் எதுவும் காப்பாற்றாது. 48 கிலோஹெர்ட்ஸ் மோனோ (ஒற்றைத் தடம்) பதிவு ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 700 எம்பி பிடிக்கும்.

குறையும் உண்டு: ஒருவருக்கு ஒரு பெட்டி. நான்கு பேர் உரையாடலென்றால் நான்கு கோப்புகளைக் கைதட்டல் ஒலி வைத்துப் பொருத்த வேண்டும். நீண்ட பதிவில் கடிகாரங்கள் மெல்ல விலகும், முடிவிலும் ஒருமுறை தட்டிவிடுங்கள்.

மைக்கைத் தாடைக்குக் கீழே ஒரு சாண் இறக்கி மாட்டி, வயரைச் சிறு வளையமாக்கி உள்பக்கம் டேப் ஒட்டினால் துணி உரசல் பெரும்பாலும் நின்றுவிடும். வாங்குமுன் பிளக்கைப் பாருங்கள். கைபேசி காலர் மைக்கில் மூன்று கறுப்பு வளையம் இருக்கும், ரெக்கார்டருக்கானதில் இரண்டுதான். மாற்றிச் சொருகினால் பெரும்பாலும் சத்தமே வராது.