நாற்பதைத் தொடும் வயதில் கனடா பி.ஆர்.: ஒரு கன்சல்டன்சியின் சேவை குறித்து

கனடாவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் நிரந்தர வசிப்புரிமை, அதாவது பி.ஆர்., பெற்றுத் தருவதாக விளம்பரம் செய்யும் கன்சல்டன்சிகளுக்குச் சென்னையில் பஞ்சமில்லை. அவற்றில் ஒன்றில் பணம் கட்டிச் சேவை பெற்ற அனுபவத்தை வைத்தே இதை எழுதுகிறேன். நாங்கள் விசாரித்த வேறு இடங்களிலும் ஏறத்தாழ இதே பதில்களே கிடைத்தன என்பதால் நிறுவனத்தின் பெயரைக் குறிப்பிடவில்லை. எனக்கு வயது 39, கணவருக்கு 43. பிளஸ் ஒன் படிக்கும் மகன் ஒருவன் இருக்கிறான். அவனோடு, குழந்தைகள் நலக் குழுவின் ஆணைப்படி வளர்ப்புப் பராமரிப்பில், அதாவது ஃபாஸ்டர் கேரில், எங்களிடம் வளரும் அக்காள் தங்கை இருவரும் இருக்கிறார்கள். அந்தப் பிள்ளைகளை அடையாளம் காட்டும் எதையும் வெளியிடுவதைச் சிறார் நீதிச் சட்டத்தின் 74ஆம் பிரிவு தடை செய்கிறது; சட்டம் இல்லாவிட்டாலும் அவர்களைப் பற்றி இதற்கு மேல் எழுத எனக்கு மனமில்லை.

முதலில் நிறுவனத்தின் நல்ல பக்கத்தைச் சொல்லிவிடுகிறேன். பாயிண்ட் கணக்கில் அவர்கள் கெட்டிக்காரர்கள். கணவரை முதன்மை விண்ணப்பதாரராக வைத்துத்தான் நாங்கள் யோசித்துக்கொண்டிருந்தோம். பாயிண்ட் அடிப்படையில் கனடா ஆள் தேர்ந்தெடுக்கும் எக்ஸ்பிரஸ் என்ட்ரி முறையில், துணையோடு விண்ணப்பிப்பவருக்கு 39 வயதில் 50 பாயிண்ட், 40இல் 45, 41இல் 35, 42இல் 25, 43இல் 15, 44இல் 5 என்று இறங்கி 45இல் எதுவுமே இல்லாமல் போகிறது என்பதை ஒரு தாளில் எழுதிக் காட்டி, என் பெயரில் விண்ணப்பித்தால் வயதிலேயே 35 பாயிண்ட் கூடும் என்று முதல் சந்திப்பிலேயே சொன்னார்கள். ஐ.ஈ.எல்.டி.எஸ். என்ற ஆங்கிலத் தேர்வின் பொதுப் பிரிவில் கேட்டலுக்கு 8, மற்ற மூன்றுக்கும் தலா 7 வாங்கினால் கனடிய மொழித் தரவரிசையில் 9ஆம் நிலை கிடைக்கும் என்பதையும், அந்த நிலையைத் தொட்டால் படிப்புக்கும் அனுபவத்துக்கும் சேர்த்துக் கிடைக்கும் பாயிண்ட் சட்டென்று ஏறும் என்பதையும் பொறுமையாக விளக்கினார்கள். பட்டச் சான்று மதிப்பீட்டுக்குப் பல்கலைக்கழகத்திலிருந்து மூடிய உறையை வாங்குவது வரை கூடவே இருந்தார்கள். அந்த வேலையைத் தனியாகச் செய்து அலைந்தவர்களுக்கே இதன் அருமை புரியும்.

கட்டணத்தில் தெளிவு போதாது. ஒன்றரை லட்சத்துக்கு மேல் தவணைகளில் கேட்டார்கள். கனடா அரசுக்குக் கட்ட வேண்டிய தொகை இதில் சேராது என்பது ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் இருந்தது. 2024 ஏப்ரல் 30இல் உயர்த்தப்பட்ட விகிதப்படி பெரியவர் ஒருவருக்கு 1,525 கனடிய டாலர், பிள்ளைக்கு 260 என்று இருந்தது. வேலைவாய்ப்புக் கடிதத்துக்கான கூடுதல் பாயிண்டைக் கனடா 2025 மார்ச் 25ஆம் தேதியே நீக்கிவிட்டது. அதன் பிறகும் அவர்களுடைய கையேட்டில் அந்தப் பாயிண்ட் கொட்டை எழுத்தில் இருந்தது. சுட்டிக்காட்டியபோது அடுத்த அச்சில் மாற்றிவிடுவோம் என்றார்கள்.

இவையெல்லாம் பொறுத்துக்கொள்ளக்கூடிய குறைகள். சிக்கல் பிள்ளைகளின் விவரத்தை நிரப்பும்போது வந்தது. அவர்களுடைய விவரப் படிவத்தில் மகன், மகள் என்ற இரண்டு கட்டங்கள்தான் இருந்தன. பெண் பிள்ளைகள் இருவரும் ஃபாஸ்டர் கேரில் இருக்கிறார்கள் என்று சொல்லி ஆணையின் நகலை நீட்டினேன். எங்கள் கோப்பைப் பார்த்துவந்த இளைஞர் அதைப் புரட்டிக்கூடப் பார்க்காமல், "மகள் என்றே போட்டுவிடலாம் மேடம், ஆதாரில் உங்கள் முகவரிதானே இருக்கிறது" என்றார். கணவர் முகம் சுளித்ததைக் கவனித்து, "இல்லையென்றால் கோர்ட்டில் கார்டியன்ஷிப் ஆர்டர் ஒன்று வாங்கிவிடுங்கள் சார், எங்கள் வக்கீலே செய்து தருவார்" என்று அதற்கும் ஒரு கட்டணம் சொன்னார்.

அவர் சொன்ன இரண்டும் தவறு, முதலாவது ஆபத்தானதும்கூட. விண்ணப்பத்தில் முக்கியமான விவரத்தைத் திரித்துச் சொன்னால், கனடாவின் குடிவரவுச் சட்டத்தின் 40ஆம் பிரிவின்படி ஐந்து ஆண்டுகளுக்கு அந்த நாட்டுக்குள் நுழையவே தகுதி போய்விடும். 39 வயதில் விண்ணப்பிக்கும் ஒருத்திக்கு ஐந்து ஆண்டு என்பது 44 வயது. வயது பாயிண்டில் 5 மட்டுமே மிஞ்சும். மாட்டிக்கொண்டால் படிவம் நிரப்பியவருக்கு ஒன்றும் ஆகாது, கையெழுத்துப் போட்டவருக்குத்தான் எல்லாம்.

அதன் பிறகே இந்த நிறுவனத்தில் கனடாவின் உரிமம் பெற்ற ஆலோசகர் யாராவது இருக்கிறாரா என்று பார்த்தோம். கனடா குடிவரவு விஷயத்தில் கட்டணம் வாங்கிக்கொண்டு ஆலோசனை சொல்ல அந்நாட்டு வழக்கறிஞர்களுக்கும், குடிவரவு, குடியுரிமை ஆலோசகர்களுக்கான கல்லூரி எனப்படும் ஒழுங்குமுறை அமைப்பின் உரிமம் பெற்றவர்களுக்கும், இன்னும் சில வகைச் சட்டப் பணியாளர்களுக்கும் மட்டுமே அனுமதி உண்டு. உரிமம் பெற்றவர்களின் பதிவேட்டை அந்தக் கல்லூரியின் இணையதளத்தில் யார் வேண்டுமானாலும் தேடிப் பார்க்கலாம். எங்கள் ஒப்பந்தத்தில் அப்படி ஒருவர் பெயரும் இல்லை. 'கனடா பார்ட்னர்' என்ற சொல் மட்டும் இருந்தது.

பதிவேட்டைப் பார்த்து நாங்களாகத் தேர்ந்தெடுத்த ஓர் ஆலோசகரிடம் காணொளி வழியாக ஒரு மணி நேரம் பேசினோம். அதற்கு ஆன செலவு இந்த நிறுவனத்தின் முதல் தவணையோடு ஒப்பிட்டால் சொற்பம். அவர் எங்கள் பாயிண்டைக் கேட்கவில்லை. குழந்தைகள் நலக் குழுவின் ஆணையைத் திரையில் காட்டச் சொல்லி, வரிவரியாக மொழிபெயர்க்கச் சொன்னார். ஆணை எந்தத் தேதியோடு முடிகிறது, பெற்றோரில் யாராவது உயிரோடு இருக்கிறார்களா, அவர்கள் வந்து பார்க்கிறார்களா என்ற மூன்று கேள்விகளை மட்டும் கேட்டார். தாய் இருக்கிறார், வந்து பார்க்கிறார் என்றோம். அப்படியானால் இப்போதைக்கு முடியாது என்று நேராகச் சொல்லிவிட்டார்.

அவர் தந்த விளக்கம் இதுதான். கனடாவின் விதிகளில் சார்ந்திருக்கும் பிள்ளை என்றால் 22 வயதுக்குட்பட்ட, மணமாகாத, பெற்ற பிள்ளை அல்லது தத்தெடுத்த பிள்ளை. பராமரிப்பில் இருக்கும் பிள்ளை அந்த வரையறைக்குள் வராது. நீதிமன்றம் தரும் பாதுகாவலர் ஆணையும் தத்தெடுப்புக்கு ஈடாகாது. பெற்றவர்களோடு உள்ள சட்ட உறவு முடிந்து, வளர்ப்பவர்களோடு மெய்யான பெற்றோர் பிள்ளை உறவு ஏற்பட்டிருக்க வேண்டும் என்பதுதான் கனடா அதிகாரிகள் பார்க்கும் விஷயம். நடைமுறையில் குடும்ப உறுப்பினராகவே வாழ்பவரை மனிதாபிமான அடிப்படையில் சேர்த்துக்கொள்ள அதிகாரிக்கு விருப்புரிமை உண்டு. ஆனால் அதை நம்பி வீட்டை விற்றுவிட்டுக் கிளம்ப வேண்டாம் என்றார். கனடாவே கதவைத் திறந்தாலும் பிள்ளைகளை அனுப்பும் அதிகாரம் உங்கள் மாவட்டத்தில்தான் இருக்கிறது என்பதையும் அவர்தான் எடுத்துச் சொன்னார்.

மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் கேட்டபோது அதுவே உறுதியானது. 2015ஆம் ஆண்டுச் சிறார் நீதிச் சட்டத்தின் 44ஆம் பிரிவு, வளர்க்கும் குடும்பத்தைக் குழு மாதந்தோறும் ஆய்வு செய்ய வேண்டும் என்கிறது. பெற்றோர் வந்து பார்க்கவும், அவர்களால் பார்த்துக்கொள்ள முடியும் என்று குழு முடிவு செய்தால் பிள்ளை அவர்களிடமே திரும்பவும் அதே பிரிவு வழி வைத்திருக்கிறது. கனடாவின் மிசிசாகா நகரில் இருக்கும் வீட்டை நம் ஊர்க் குழு மாதாமாதம் எப்படி ஆய்வு செய்யும்? அந்த அலுவலகத்தில் இருந்த அம்மாள் இதைச் சிரித்துக்கொண்டேதான் கேட்டார். ஒரு பைசா வாங்காமல் அவர் அரை மணி நேரத்தில் சொன்னதை, தவணை வாங்கியவர்கள் கடைசி வரை சொல்லவில்லை.

தத்தெடுக்கும் வழி அடைபட்டுவிடவில்லை. 2024இல் வந்த மாதிரி வழிகாட்டு நெறிமுறைகளின்படி, வளர்ப்புப் பராமரிப்பில் உள்ள பிள்ளையை அதே குடும்பம் இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு தத்தெடுக்கலாம். முன்பு இது ஐந்து ஆண்டாக இருந்தது. ஆனால் அந்தப் பிள்ளை தத்துக்கு உரியது என்று குழு முதலில் அறிவிக்க வேண்டும். தாய் தாமாக முன்வந்து ஒப்படைத்தாலும் மனம் மாற அவருக்கு இரண்டு மாத அவகாசம் உண்டு. அதன் பிறகு மத்தியத் தத்தெடுப்பு ஆணையமான காராவின் இணையதளம், பிள்ளையின் சம்மதம், மாவட்ட ஆட்சியரின் ஆணை என்று ஒவ்வொரு படியாக ஏற வேண்டும். இந்தப் பாதையில் யாரையும் அவசரப்படுத்த முடியாது, அவசரப்படுத்தவும் கூடாது. தேறிவரும் ஒரு தாயிடம், எங்கள் பாயிண்ட் குறைகிறது, சீக்கிரம் எழுதிக் கொடுங்கள் என்று எந்த வாயால் கேட்பது? நடுவயதில் குடிபெயர நினைக்கும், பராமரிப்பில் பிள்ளைகளை வைத்திருக்கும் குடும்பத்தின் உண்மையான இக்கட்டு இதுதான். பாயிண்ட் பட்டியல் ஆண்டுக்கு ஆண்டு விரட்டுகிறது. பிள்ளைகளின் சட்டம் பொறுத்திரு என்கிறது. கன்சல்டன்சிகள் முதலாவதை மட்டும் விற்கின்றன.

மாற்று நாடுகளைப் பற்றி இந்த நிறுவனம் சொன்னது மேலோட்டமானது. ஆஸ்திரேலியாவின் திறன் விசாவுக்கு அழைப்பு வரும்போது வயது 45க்குள் இருக்க வேண்டும். 40 முதல் 44 வரை 15 பாயிண்ட்தான். நியூசிலாந்தின் திறன் பிரிவில் 55 வயது வரை விண்ணப்பிக்கலாம் என்பதை நாங்கள் கேட்ட பிறகே சொன்னார்கள். எங்களைப் போன்றவர்களுக்கு அதைத்தான் முதலில் சொல்லியிருக்க வேண்டும்.

பட்டச் சான்று மதிப்பீடும் மொழித் தேர்வும் மட்டும் தேவைப்படுகிற, பெற்ற பிள்ளைகளோடு மட்டும் கிளம்புகிற குடும்பத்துக்கு இந்த நிறுவனம் கொடுத்த காசுக்கு வேலை செய்யும். பராமரிப்பில் பிள்ளை இருக்கிற வீட்டார் முதல் தவணை கட்டும் முன் உரிமம் பெற்ற ஒருவரிடம் ஆணையைக் காட்டி எழுத்தில் கருத்து வாங்கிக்கொள்வது நல்லது. நாங்கள் கோப்பை நிறுத்தச் சொல்லிக் கடிதம் கொடுத்தோம். தொடங்காத கட்டத்துக்கான பணத்தைத் திருப்பித் தந்தார்கள், தொடங்கியதாக அவர்கள் சொன்ன கட்டத்துக்கு ஒன்றும் வரவில்லை.

அந்த ஒரு மணி நேர ஆலோசகர் கடைசியில் ஒரு யோசனை சொன்னார். பிரெஞ்சு மொழியில் நான்கு திறன்களிலும் 7ஆம் நிலையும், ஆங்கிலத்தில் குறைந்தது 5ஆம் நிலையும் இருந்தால் 50 பாயிண்ட் கூடுதலாகக் கிடைக்கும். 39 வயதிலிருந்து 44 வரை காத்திருப்பதால் எனக்குப் போவது 45 பாயிண்ட். காத்திருக்கிற ஆண்டுகளில் பிரெஞ்சு படியுங்கள், குழு எந்த முடிவுக்கு வந்தாலும் அது வீண்போகாது என்றார். நுங்கம்பாக்கத்தில் இருக்கும் அலியான்ஸ் பிரான்சேயில் அடிப்படை வகுப்பில் சேர்ந்திருக்கிறேன்.