உணவகமா, டெலிவரியா, பிரத்தியேக வகுப்பா? தஞ்சோங் மாலிமில் பகுதிநேர வேலை தேடும் முதலாண்டு மாணவருக்கு

எடுத்த எடுப்பில் சொல்லிவிடுகிறேன்: உப்சியில் (சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகத்தில்) முதலாண்டு சேர்ந்திருக்கிறீர்கள், ஓட்ட ஒரு மோட்டார் சைக்கிளும் இருக்கிறது என்றால் என் ஓட்டு பிரத்தியேக வகுப்பு (டியூஷன்) எடுப்பதற்குத்தான். உணவகம் அடுத்தது, டெலிவரி கடைசி. பல்கலைக்கழகத்துக்குள்ளேயே நூலகத்திலோ ஏதாவதொரு ஆய்விலோ மாணவர் உதவியாளராக இடம் கிடைத்தால் மூன்றையும் விட்டுவிட்டு அதைப் பிடித்துக்கொள்ளலாம். ஆனால் அங்கே இடம் கொஞ்சம், கேட்பவர்கள் நிறைய. காசும் கிளேம் எழுதிக் கொடுத்து ஆடி அசைந்துதான் வரும். அதனால் அதை இந்த ஒப்பீட்டில் சேர்க்கவில்லை.

வேலையைப் பார்க்குமுன் ஊரைப் பாருங்கள். 1922இல் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி வந்த நாளிலிருந்தே தஞ்சோங் மாலிம் பட்டணம் மாணவர்களை நம்பிப் பிழைக்கிறது. 1997இல் அந்தக் கல்லூரியே உப்சி என்ற பல்கலைக்கழகமான பிறகு சொல்லவே வேண்டாம். கடை, வாடகை அறை, நகல் எடுக்கும் கடை எல்லாம் செமஸ்டரோடு எழுந்து செமஸ்டரோடு படுக்கும். பட்டணத்தைத் தாண்டினால் பேராங் பக்கமும், பெர்னாம் ஆற்றைக் கடந்தால் சிலாங்கூர் பக்கமும் செம்பனைத் தோட்டங்கள், அவற்றை ஒட்டிய தாமான்கள் (வீடமைப்புக் குடியிருப்புகள்). அங்கே இருக்கும் குடும்பங்கள் செமஸ்டர் விடுமுறைக்கு எங்கும் போய்விடுவதில்லை. எந்த வேலை உங்கள் படிப்போடு ஒத்துப்போகும் என்பதை இந்த வேறுபாடுதான் முடிவு செய்கிறது.

உணவக வேலை எல்லாருக்கும் தெரிந்ததுதான். வாழையிலைக் கடையோ மாமாக் கடையோ, கேட்ட மறுநாளே சேரலாம், சாப்பாடும் ஆகிவிடும், முன் தயாரிப்பு கிடையாது. குறைந்தபட்ச சம்பளம் 2025 பிப்ரவரி 1 முதல் மாதம் 1,700 வெள்ளி. ஐந்து பேருக்குக் குறைவாக ஆள் வைத்திருக்கும் சிறு கடைகளுக்கும் அதே ஆண்டு ஆகஸ்ட் 1 முதல் அதுவே பொருந்துகிறது. மணிக்கணக்கில் 8.17 வெள்ளி. "சாப்பாடு போடுறேன்ல, மணிக்கு ஆறு வெள்ளி வச்சுக்கலாம்" என்று முதலாளி சொன்னால் அது சட்டப்படி செல்லாது. சாப்பாட்டை அடிப்படைச் சம்பளத்தில் கழிக்க முடியாது. சேமநிதிக்கு உங்கள் பங்கு 11 விழுக்காடு, முதலாளி பங்கு 13 விழுக்காடு. சொக்சோவும் (தொழிலாளர் சமூகப் பாதுகாப்புக் காப்புறுதி) கட்ட வேண்டும். கொதிக்கும் எண்ணெய்ச் சட்டி பக்கத்தில் நிற்கப் போகிறவர் சொக்சோவைக் கேட்டு வாங்குவது பேராசை ஆகாது.

சேர்வதற்குமுன் இன்னொன்று. உணவைக் கையாளும் எவரும் உணவு கையாளுநர் பயிற்சி முடித்து, டைஃபாய்டு தடுப்பூசி போட்டிருக்க வேண்டும். 2009ஆம் ஆண்டு உணவுச் சுகாதார விதிமுறை அப்படித்தான் சொல்கிறது. தடுப்பூசி மூன்று ஆண்டுக்குத்தான் செல்லும். அந்தச் செலவு யாருடையது என்று முதல் நாளே கேட்டுவிடுங்கள். கேட்காமல் விட்டால் முதல் சம்பளத்தில் கழித்திருப்பார்கள்.

டெலிவரியில் முதலாளி கிடையாது, நினைத்தபோது செயலியைத் திறக்கலாம் என்பதுதான் கவர்ச்சி. பெட்ரோலும் பெரிய செலவில்லை. 2025 செப்டம்பர் 30 முதல் குடிமக்களுக்கு ரோன்95 லிட்டர் 1.99 வெள்ளி. ஒழுங்காகப் பராமரித்த ஹோண்டா இஎக்ஸ்5 மோட்டார் ஒரு லிட்டருக்கு ஏறத்தாழ 50 கிலோமீட்டர் ஓடும். கையைக் கடிப்பது மற்றதெல்லாம். மாலைக்கு 60 கிலோமீட்டர், வாரத்தில் நான்கு மாலை என்றால் வாரம் 240 கிலோமீட்டர். 2,500 கிலோமீட்டருக்கு ஒருமுறை எண்ணெய் மாற்றுவதென்றால் ஏறத்தாழ பத்து வாரத்துக்கு ஒருமுறை அந்தச் செலவு வரும். சங்கிலி, பிரேக் ஷூ, டயர் தனி. தோட்டத்து செம்மண் ரோட்டில் உதிர்ந்து கிடக்கும் செம்பனை மட்டை முள் டயருக்குள் ஊசி போல இறங்கும். காற்று ஒரேயடியாகப் போகாது. அடுத்த ஆர்டரை எடுத்துப் பாதி வழி போன பிறகுதான் பின்சக்கரம் ஆடத் தொடங்கும்.

காப்புறுதியையும் கவனியுங்கள். சாதாரண மோட்டார் காப்புறுதி சொந்த உபயோகத்துக்கானது. கூலிக்குப் பொருள் ஏற்றி ஓட்டும்போது நடந்த விபத்துக்கு இழப்பீடு மறுக்கப்படலாம். காப்புறுதி நிறுவனத்திடம் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். சொந்தத் தொழில் செய்பவர்களுக்கான சொக்சோ திட்டத்தில் டெலிவரி ஓட்டுநர்களும் அடக்கம். அதில் சேராமல் ஓட்ட வேண்டாம்.

இந்த ஊரில் டெலிவரிக்கு வேறொரு சிக்கலும் உண்டு. ஆர்டர் போடுபவர்களே மாணவர்கள்தான். உங்களுக்குத் தேர்வு வாரம் என்றால் அவர்களுக்கும் தேர்வு வாரம், எல்லாரும் அறையிலேயே உட்கார்ந்து ஆர்டர் போடுவார்கள். ஓட்டினால் காசு பார்க்கக்கூடிய அந்த வாரத்தில்தான் நீங்கள் படிக்க வேண்டும். தேர்வு முடிந்து உங்களுக்கு நேரம் கிடைக்கும்போது விடுதி காலி, ஆர்டரும் காலி. பட்டணத்து உணவகமும் இதே கதைதான். அங்கே இன்னொன்றும் சேர்ந்துகொள்ளும்: தீபாவளிக்கு முன்னும் பள்ளி விடுமுறையிலும் விடுப்புக் கேட்டால் முதலாளி முகம் மாறும். அவரையும் குறை சொல்ல முடியாது, மேசை துடைக்க அவருக்கு ஆள் வேண்டும்.

வேலை தேடும்போது எல்லாரும் மணிக்கு எவ்வளவு என்றுதான் கேட்கிறார்கள். மூன்று வாரம் வராமல் இருந்தால் இந்த வேலை எனக்காகக் காத்திருக்குமா என்பதுதான் முதலில் கேட்க வேண்டியது. ஒரு செமஸ்டர் என்பது 14 வாரப் பாடம், நடுவில் ஒரு வார விடுமுறை, படிப்பு வாரம், பிறகு இரண்டு மூன்று வாரத் தேர்வு. கணக்குப் போட்டுப் பார்த்தால் ஆண்டுக்கு இருமுறை மூன்று நான்கு வாரம் நீங்கள் வேலைக்கு லாயக்கில்லாத ஆள். உணவகத்தில் அந்த இடைவெளியில் உங்கள் இடத்துக்கு வேறொருவர் வந்துவிடுவார். நீங்கள் திரும்பிப் போய்க் கேட்கும்போது பழைய ஆள் என்ற சலுகையெல்லாம் கிடையாது. டெலிவரியில் கணக்கு அப்படியே இருக்கும், மோட்டார் தவணையும் அப்படியே இருக்கும். பிரத்தியேக வகுப்பில் மட்டும்தான் பெற்றோரிடம் முன்கூட்டியே சொல்லி, வகுப்பை முன்னேயோ பின்னேயோ தள்ளி, காசும் குறையாமல் பார்த்துக்கொள்ள முடியும். வாத்தியாருக்கும் பரீட்சை என்றால் தோட்டத்துப் பெற்றோருக்குப் புரியும். அவர்கள் பிள்ளையையும் அதற்காகத்தானே அனுப்புகிறார்கள்.

நாள்காட்டியும் ஒத்துழைக்கிறது. பொதுப் பல்கலைக்கழகங்களில் முதல் செமஸ்டர் பொதுவாக அக்டோபரில் தொடங்கி ஆண்டு மாறிய பிறகே தேர்வில் முடியும். படிவம் ஐந்து மாணவர்களின் அரசுத் தேர்வான எஸ்.பி.எம். நெருக்கடியோ ஆண்டுக் கடைசியில். அதாவது பிள்ளைகளுக்கு நீங்கள் அதிகம் தேவைப்படும் காலத்தில் உங்களுக்கு இன்னும் பாரம் ஏறவில்லை. 2026 முதல் பள்ளி ஆண்டு மறுபடி ஜனவரியில் தொடங்குவதால் கீழ் வகுப்புகளின் ஆண்டிறுதித் தேர்வும் இதே பக்கம் வந்துவிட்டது.

காசுக் கணக்கு இது. சனிக்கிழமை ஒன்றரை மணி நேர வகுப்பு, ஆறு பிள்ளைகள், ஒரு பாடத்துக்குத் தலைக்கு மாதம் 40 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். மாதம் 240. போக 12, வர 12 கிலோமீட்டர் பயணத்துக்கு 40 நிமிடம், தயாரிப்புக்கு ஒரு மணி. ஆக ஒரு வகுப்புக்கு உண்மையில் மூன்று மணி பத்து நிமிடம், நான்கு வகுப்புக்கு 12 மணி 40 நிமிடம். பெட்ரோலுக்கு 4 வெள்ளி, நகலுக்குப் பக்கம் 10 சென் வீதம் 10 வெள்ளி கழித்தால் மணிக்கு ஏறத்தாழ 18 வெள்ளி நிற்கும். இரண்டு பிள்ளைகள் நின்றுவிட்டால் அதுவே 12க்கு இறங்கும். அப்போதும் 8.17க்கு மேல்தான். ஒரே ஒரு பிள்ளைக்காக அவ்வளவு தூரம் போவதென்றால் மட்டும் கணக்கு உதைக்கும். நான்குக்குக் கீழ் ஆரம்பிக்காதீர்கள்.

உப்சி ஆசிரியர்களை உருவாக்கும் இடம் என்பதால் பட்டணத்துத் தாமான்களில் தடுக்கி விழுந்தால் ஒரு டியூஷன் டீச்சர். விலையும் அங்கே நசுங்கிக் கிடக்கிறது. கொஞ்சம் தள்ளிப் போக வேண்டும் என்பது அதனால்தான். தமிழ்ப்பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தில் ஒருவர், கோயில் நிர்வாகத்தில் ஒருவர், இந்த இருவரிடம் பேசினால் தோட்டம் முழுக்கத் தெரிந்துவிடும். கோயில் மண்டபத்தையோ, பகலில் அம்மா வீட்டிலேயே இருக்கும் ஒரு பிள்ளையின் வீட்டு முன்கூடத்தையோ கேளுங்கள். பெண் பிள்ளைகள் தனியாகப் போக வேண்டாம், தோழியோடு போங்கள். இருட்டுமுன் மெயின் ரோட்டுக்கு வந்துவிடும்படி நேரம் வையுங்கள். சனி காலை பள்ளியில் புறப்பாடம் இருக்கும், ஞாயிறு காலை கோயிலில் தேவார வகுப்பு இருக்கும். சனி பிற்பகல் 3.00 முதல் 4.30 வரை வைத்தால் இரண்டோடும் மோதாது. மழை மட்டும் அந்த நேரத்தைத்தான் தேடி வரும், மழைக்கோட்டு பெட்டியிலேயே இருக்கட்டும்.

பாடம் எது? மலாய், செஜாரா (வரலாறு). இந்த இரண்டிலும் தேறாவிட்டால் எஸ்.பி.எம். சான்றிதழே கிடையாது. அதனால் கணிதத்துக்குத் தயங்கும் பெற்றோர்கூட இதற்குக் காசு கொடுப்பார்கள். பாடப்புத்தகம் பள்ளியிலேயே இரவல் கிடைக்கிறது, புதிதாக எதையும் வாங்கச் சொல்லாதீர்கள். முதல் வகுப்பில் பாடம் நடத்த வேண்டாம். 80 சொல்லில் ஒரு பத்தி எழுதச் சொல்லி, சிவப்புப் பேனாவால் ஒரே ஒரு வகைப் பிழையை மட்டும் வட்டமிடுங்கள்: "டி ருமா" (வீட்டில்) என்று பிரித்து எழுத வேண்டியதைச் சேர்த்திருக்கும், "டிபெலி" (வாங்கப்பட்டது) என்று சேர்க்க வேண்டியதைப் பிரித்திருக்கும். படிவம் ஐந்து பிள்ளையின் தாளிலும் இது இருக்கும். அந்தத் தாளை அம்மாவிடம் காட்டினாலே நீங்கள் என்ன செய்யப்போகிறீர்கள் என்று அவருக்கு விளங்கிவிடும்.

கட்டணம்தான் பிரத்தியேக வகுப்பின் பலவீனம். மாதக் கடைசியில் கேட்டால் வராது. தோட்டத்தில் சம்பளம் மாதம் முடிந்து ஏழு நாளுக்குள் கொடுத்துவிட வேண்டும் என்பது வேலைச் சட்டம். ஆகவே கட்டண நாளை 8ஆம் தேதி என்று வையுங்கள். புலனத்தில் (வாட்ஸ்அப்) இப்படி ஒரு செய்தி போதும்: "வணக்கம் அக்கா. எஸ்.பி.எம். மலாய் வகுப்பு சனி 3.00 முதல் 4.30 வரை, கோயில் மண்டபத்தில். மாதம் 40 வெள்ளி, 8ஆம் தேதிக்குள். எனக்குத் தேர்வு இருக்கும் வாரங்களை ஒரு மாதம் முன்பே சொல்லிவிடுவேன், அந்த வகுப்புகளை ஈடு செய்துவிடுவேன்." கடைசி வரியை எக்காரணம் கொண்டும் விடாதீர்கள். மையம் என்று பலகை மாட்ட ஆசை வந்தால் கல்வி அமைச்சில் பதிவு வேண்டும். சிறு குழுவாகவே வைத்துக்கொள்வது நல்லது.

ஜூலைக்குப் பிறகு வரும் நீண்ட விடுமுறையில் சிக்கல் உண்டு. நீங்கள் ஊருக்குப் போய்விட்டால் எஸ்.பி.எம். பிள்ளை நட்டாற்றில் நிற்கும். அதனால் இருவராகச் சேர்ந்து நடத்துங்கள். ஒருவர் மலாய், ஒருவர் செஜாரா, தேர்வு வாரத்தில் ஒருவருக்கு மற்றவர். ஜோடியில் ஒருவர் சிலிம் ரிவர், ரவாங் போன்ற பக்கத்து ஊர்க்காரராக இருந்தால் விடுமுறையிலும் நேரில் வந்து போகலாம். இல்லாவிட்டால் காணொளியில் நடத்தலாம். ஆனால் லயன் வீட்டில் (தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடு) ஒரே கைபேசி, அதுவும் அப்பாவோடு வேலைக்குப் போகும் கைபேசி என்றால் இரவு 8 மணிக்குமேல்தான் முடியும்.

மற்ற வழிகளைப் பற்றி இரண்டு வார்த்தை. தோட்டத்தில் உதிரிப் பழம் பொறுக்கலாம் என்று யாராவது சொன்னால் தோட்ட நிர்வாகத்தின் அனுமதி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் அது திருட்டு. டெலிகிராமில் லைக் போட்டால் காசு, முதலில் கொஞ்சம் முன்பணம் கட்டு என்பதெல்லாம் ஏமாற்று. வங்கிக் கணக்கை வாடகைக்குக் கேட்பவன் உங்களைக் குற்றவாளியாக்கப் பார்க்கிறான். பணம் போய்விட்டால் உடனே மோசடிப் புகார்களுக்கான 997 எண்ணுக்கு அழையுங்கள். உபகாரச் சம்பளத்தில் படிப்பவர்கள் வேலை செய்யத் தடை இருக்கிறதா என்று ஒப்பந்தத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். முதல் மூன்று வாரம் எந்த வேலையும் வேண்டாம். பாடம் சேர்ப்பதும் நீக்குவதுமாக அட்டவணை அதுவரை நிலைக்காது.

மோட்டார் இல்லாதவருக்கு என் வரிசை மாறும். வளாகத்துக்கு நடக்கும் தூரத்தில் உள்ள உணவகத்தில் வார இறுதிப் பகல் வேளையைக் கேளுங்கள். இரவு வேளை 11 மணிக்கு முடியும் என்பார்கள், பாத்திரம் கழுவி ஷட்டர் இறக்கும்போது 12 ஆகும். வகுப்புதான் வேண்டும் என்றால் கொமுட்டர் ரயில் இருக்கிறது. ராசா, பத்தாங் காலி நிலையங்களை ஒட்டிய தாமான்களில் குழு சேர்க்கலாம். திரும்பும் ரயிலின் நேரத்தைப் பார்த்துவிட்டு வகுப்பு நேரத்தை வையுங்கள்.