பழைய பைக் சேகரிக்க: ஹோண்டா சிபி750-ஆ, கவாசாகி இசட்1-ஆ?

1968 டோக்கியோ கண்காட்சியில் ஹோண்டா நான்கு சிலிண்டர் சிபி750 மோட்டார் சைக்கிளைக் காட்டியபோது, கவாசாகியும் ரகசியமாக ஒரு நான்கு சிலிண்டர் 750 சிசி வண்டியைத்தான் உருவாக்கிக்கொண்டிருந்தது. முந்திக்கொண்டார்களே என்று கைவிடாமல், இன்னும் பெரிதாகச் செய்தார்கள். அதுதான் 1972-இல் வந்த 903 சிசி இசட்1.

வேகம் என்று பார்த்தால் போட்டியே இல்லை. ஹோண்டாவுக்கு ஒரு கேம்ஷாஃப்ட் (எஞ்சின் வால்வுகளைத் திறக்கும் தண்டு), 67 குதிரைத்திறன். கவாசாகிக்கு இரண்டு, 82 குதிரைத்திறன். ஆனால் சேகரிப்பவர்கள் வேகத்துக்காகவா வாங்குகிறார்கள்?

ஹோண்டாவில் எல்லோரும் தேடுவது 1969-இன் முதல் ஏழாயிரத்துச் சொச்சம் வண்டிகளை. அவற்றின் கிராங்க்கேஸ், அதாவது எஞ்சினின் கீழ்ப்பகுதி உறை, சொரசொரப்பாக இருக்கும்; அதனால் ‘சேண்ட்காஸ்ட்’ (மணல் வார்ப்பு) என்று பெயர். உண்மையில் அது மணல் அச்சில் வார்த்ததே இல்லை, பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. விலை ஏறுவதும் அந்தப் பெயரால்தான். வாங்கப் போனால், அந்த முதல் வண்டிகளில் ஒன்றுதானா என்று முதலில் எஞ்சின் எண்ணையும் சட்டக எண்ணையும் பாருங்கள். அப்புறம் முன் ஸ்ப்ராக்கெட்டுக்கு (செயின் ஓடும் பல்சக்கரம்) பின்னால் கிராங்க்கேஸில் வெல்டிங் தழும்பு இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். அந்தக் காலத்துச் செயின் அறுந்தால் கிராங்க்கேஸையே உடைத்துவிடும்.

இசட்1-இல் முதல் வருடத்து வண்டியைக் கண்டுபிடிப்பது சுலபம்: எஞ்சின் கறுப்பாக இருக்கும். உதிரிபாகக் கவலையும் கொஞ்சம் குறைவு. எஞ்சினின் மேல்பகுதியான சிலிண்டர் ஹெட்டைக் கவாசாகியே மறுபடி தயாரித்து விற்றது.

பூட்டி வைக்க என்றால் சேண்ட்காஸ்ட். ஞாயிற்றுக்கிழமை எடுத்து ஓட்டவும் வேண்டும் என்றால், நான் இசட்1 பக்கம்தான்.