நாழியா, கப்பா, தராசா? எல்லையோர அடுக்களைக்கு எது பொருந்தும்

கேரள எல்லையை ஒட்டிய குமரி மாவட்டத்தில், மார்த்தாண்டம், களியக்காவிளை பக்கத்து அடுக்களைகளில் மூன்று அளவுகள் கலந்து புழங்குகின்றன. புட்டுக்கு அரிசி நாழியில், கிறிஸ்துமஸ் கேக்குக்கு மைதா கப்பில், கடையில் வாங்குவது கிலோவில். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும் இடத்தில்தான் பலகாரம் கெடுகிறது.

நாழியில் உள்ள சிக்கல் அதன் பெயர். பழைய தமிழ் வாய்பாட்டில் எட்டு ஆழாக்கு ஒரு நாழி, அதாவது ஒரு படி. மலையாள வழக்கில் நான்கு நாழி ஒரு இடங்கழி, பத்து இடங்கழி ஒரு பறை. அந்த நாழி நம் படியைவிட மிகச் சிறியது. ஆகவே சமையல் குறிப்பு எல்லைக்கு எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்று கேட்காமல் மாற்றவே கூடாது. வீட்டு நாழியின் அளவை அறிய எளிய வழி உண்டு. வெறும் நாழியைத் தராசில் வைத்துப் பூஜ்ஜியமாக்கி, விளிம்பு வரை தண்ணீர் ஊற்றுங்கள். காட்டும் கிராமே அதன் மில்லி.

ஆனாலும் இட்லி, ஆப்பம் போன்றவற்றுக்கு நாழியே போதும். நாலுக்கு ஒன்று என்றால், அரிசியையும் உளுந்தையும் ஒரே பாத்திரத்தில் தலைதட்டி அளக்கும்வரை விகிதம் மாறாது. ஊறவைக்கும் முன் அளக்க வேண்டும். ஊறியது தண்ணீர் குடித்து உப்பிவிடும்.

கப்பை நம்பக் கூடாத பொருள் மாவு. 240 மில்லி கப்பில் மைதாவைக் கரண்டியால் தளர்வாக இட்டுத் தலைதட்டினால் 120 முதல் 125 கிராம். பாக்கெட்டுக்குள் கப்பை விட்டு அள்ளினால் 145, 150 வரை ஏறும். நான்கு கப் கேக்கில் இது கிட்டத்தட்ட ஒரு கப் மைதா கூடுதல். கேக் நடுவில் வெடிப்பதும் மறுநாளே உதிர்வதும் பெரும்பாலும் இதனால்தான். பாவம், பழி அடுப்பின் மேல் விழுகிறது. கடையில் 250 மில்லி கப்பும் கிடைப்பதால், வாங்கியதன் அடியில் உள்ள எண்ணையும் பாருங்கள்.

அதே 240 மில்லியில் சீனி 200 கிராம், பச்சரிசி சுமார் 190, தேங்காய் எண்ணெய் 220, தேன் 340. அழுத்தாத தேங்காய்த் துருவல் 80 முதல் 90தான். 'ஒரு முறி தேங்காய்' என்பது அளவே அல்ல. காய்க்குக் காய் மாறும். முந்திரிக்கொத்துக்கு உடைத்த கருப்பட்டியைக் கப்பில் அளந்தால் துண்டுகளுக்கு இடையே உள்ள காற்றும் கணக்கில் சேர்ந்து இனிப்பு குறையும். அதைத் தராசில்தான் போட வேண்டும்.

எண்ணெயில் இந்த வேறுபாடு காசாகவே தெரியும். செக்கில் கிலோ விலை, பாக்கெட்டில் லிட்டர் விலை. ஒரு லிட்டர் தேங்காய் எண்ணெய் சுமார் 910 முதல் 920 கிராம். லிட்டர் விலையை 0.92ஆல் வகுத்தால் கிலோ விலை வரும். அதன்பிறகே இரண்டையும் ஒப்பிடலாம். குளிரில் எண்ணெய் உறைந்துவிட்டால் கரண்டி அளவு தடுமாறும், எடை மாறாது.

தராசும் எல்லா இடத்திலும் வெல்லாது. ஒரு கிராம் துல்லியமுள்ள வீட்டுத் தராசில் 3 கிராம் ஈஸ்ட்டை நம்பி நிறுக்க முடியாது. சிட்டிகை சிட்டிகையாகத் தூவினால் சில தராசுகள் அதைக் கணக்கிலேயே எடுப்பதில்லை. ஈஸ்ட்டுக்கும் சோடாவுக்கும் 5 மில்லி டீஸ்பூனே மேல். உப்பு மட்டும் கவனம்: தூள் உப்பு ஒரு டீஸ்பூன் 6 கிராம், கல் உப்பு அதே டீஸ்பூனில் குறைவாகவே நிற்கும்.

புட்டு மாவுக்குத் தெளிக்கும் தண்ணீரை நாழியும் சொல்லாது, தராசும் சொல்லாது. மாவின் ஈரமும் வறுவலும் ஒவ்வொரு முறையும் வேறு. கையில் பிடித்தால் பிடியாக நிற்க வேண்டும், விரலால் தட்டினால் உதிர வேண்டும். அதுவரை கொஞ்சம் கொஞ்சமாகத் தெளியுங்கள்.